வெயிலுக்குப் பேர்போன பனி ஊர்

பிப்ரவரி 7, வெள்ளி

சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸுக்குப் போக, சூரிச்சிலிருந்து கூர் என்ற நகரம் வரை வந்து, அங்கிருந்து ரேட்டியன் ரயில்வேயின் சிவப்பு வண்டிக்கு மாறினேன். 1904இல் செயின்ட் மோரிட்ஸை எட்டிய ஆல்புலா ரயில்பாதை மலையின் வயிற்றுக்குள்ளேயே சுருண்டு சுருண்டு ஏறி, 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கடின் பள்ளத்தாக்கில் நம்மை இறக்கிவிடுகிறது. கூரில் தலைக்கு மேல் கவிந்திருந்த மேகம் கடைசிச் சுரங்கத்தைத் தாண்டியதும் காணாமல் போய், கண்ணைக் கூச வைக்கும் வெயில் அடித்தது. ஆனால் ஊரைப் பார்த்ததும் சற்று ஏமாற்றம்தான். ஏரியும் மலையும் அழகு. கரையேறி நிற்கும் கட்டடங்களில் பல வெறும் பெட்டிகள். அழகுக்காக மட்டும் இந்த ஊர் பெயர் பெற்றிருக்க முடியாது.

பிப்ரவரி 8, சனி

பெயர் வந்த கதையை இங்கே எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். 1864இல் குல்ம் ஹோட்டலின் உரிமையாளர் யோஹானஸ் பாட்ருட், கோடை முடிந்து புறப்படவிருந்த ஆங்கில விருந்தினர்களிடம், குளிர்காலத்தில் வந்து பாருங்கள், வெயில் இல்லாவிட்டால் பயணச் செலவு என்னுடையது என்று பந்தயம் கட்டினாராம். வந்தவர்கள் வசந்தம் வரை தங்கி, முகம் கறுத்துத் திரும்பினார்களாம். அதுவரை இரும்புச்சத்துள்ள ஊற்றுநீருக்காகக் கோடையில் மட்டும் ஆட்கள் வந்த ஊர் இது. பந்தயக் கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருந்தாலும், பனிக்காலத்தையே விற்கலாம் என்று முதலில் கண்டுகொண்ட கெட்டிக்காரத்தனத்தை மறுக்க முடியாது. பிறகு ஆங்கிலேயர்களே பொழுதுபோகாமல் கிரெஸ்டா சறுக்குப் பாதையை உண்டாக்கினார்கள். தலை முன்னே இருக்கச் சறுக்குப்பலகையில் குப்புறப் படுத்துப் பாயும் அந்த விளையாட்டில் 1929 முதல் 2018 வரை பெண்களுக்கு இடம் தரவில்லை என்பதை, பெருமை பேசுகிறவர்கள் மெதுவாகத்தான் சொல்கிறார்கள். 1928, 1948 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் பெயரை உலகெங்கும் கொண்டுபோயின.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று உறைந்த ஏரியின் மேல் குதிரைப் பந்தயம். 1907 முதல் நடக்கும் வழக்கம். சவாரிக்காரர் இல்லாத குதிரைகள், பனிச்சறுக்குக் கட்டைகளில் நிற்கும் ஆட்களை நீண்ட கயிற்றில் இழுத்துக்கொண்டு ஓடும் போட்டிதான் எனக்குப் பிடித்தது. குளம்படியில் தெறிக்கும் பனிக்கட்டித் துண்டுகள் பின்னால் வருபவரின் முகத்தில்தான் விழும். கூடாரங்களில் மென்மயிர் அங்கிகளும் ஷாம்பெயின் கோப்பைகளும். குதிரையைவிட ஒருவரையொருவர் பார்க்க வந்தவர்களே அதிகம் என்று தோன்றியது, நானும் அதில் சேர்த்திதான்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒரு ஹோட்டல் சமையலறையில் நெடுங்காலம் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரைச் சந்தித்தேன். ஊர்ப் பெயரையே வணிகச் சின்னமாகப் பதிந்து வைத்திருப்பதைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார். “தம்பி, பேருக்குத்தானே காசு குடுக்கினம். பக்கத்து ஊரிலையும் இதே வெயில்தான்.” மலைக்கு அப்பால் இத்தாலியிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் தொழிலாளர்களைப் பற்றியும், ஆண்டில் சில வாரங்களே விளக்கெரியும் வீடுகளைப் பற்றியும் சொன்னார். இத்தகைய இரண்டாம் வீடுகள் ஓர் ஊரின் மொத்த வீடுகளில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2012இல் சுவிஸ் மக்கள் வாக்களித்ததற்கு இப்படிப்பட்ட ஊர்களே காரணம். அதற்குள் இங்கே பெரும்பகுதி கட்டி முடிந்திருந்தது. வாடகை கட்டுப்படியாகாததால் அவர் குடியிருப்பதும் பள்ளத்தாக்கின் கீழ்ப்புறம்தான். மாலை வேலைக்கு நேரமாகிறது என்று, வாதுமைக்கொட்டைப் பணியாரம் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.