பில் புக்கில் இருந்த 1,140 மெயில் ஐடியும் நான் பட்ட பாடும்

விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை. பில் போடும்போது வெளியூர்க்காரர்களிடம் மெயில் ஐடி எழுதி வாங்குவது நான் கொண்டுவந்த பழக்கம். ஐந்து வருஷத்தில் 1,140 சேர்ந்திருந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னால், எல்லாருக்கும் புதுச் சேலைப் படத்தோடு ஒரு மெயில் தட்டிவிடலாம் என்று தோன்றியது. சனி பிடித்தது அங்கேதான்.

மூன்று ராத்திரி மனைவி வாசிக்க நான் டைப் அடித்தேன். பில் புக்கில் இருப்பது 'எல்'லா, 'ஐ'யா, ஒன்றா என்று சண்டையே வந்தது. முதல் 400 பேரைக் கடையின் இலவச ஜிமெயிலில் 'டூ' கட்டத்தில் மொத்தமாக ஒட்டி அனுப்பினேன். ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாமல் அனுப்ப 'பி.சி.சி.' என்று ஒரு கட்டம் இருப்பது தெரியும். அவசரத்தில் கை போகவில்லை.

பத்து நிமிஷத்தில் ஒருவர் 'என் பேரை எடுங்க' என்று 400 பேருக்கும் சேர்த்தே பதில் போட்டார். அவருக்கு இன்னொருவர் பதில், அதற்கு வேறொருவர். மதியம் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"பில்லுக்குன்னு கேட்டீங்க, குடுத்தேன். இப்ப என் ஐடி முன்னப்பின்ன தெரியாத 400 பேர் கையில இருக்கு. யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"தப்புதாம்மா, மன்னிச்சுக்கங்க" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவர் கட்சிதான்: எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் புத்தி வராமல், சாயங்காலம் அடுத்த 400 பேரை பி.சி.சி.யில் போட்டேன். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் கணக்கு. மறுநாள் வரை எந்த மெயிலும் போகவில்லை, சாயப்பட்டறைக்கு அனுப்ப வேண்டிய ஆர்டர் உட்பட.

அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒருவர், "20,000 மெயில் ஐடி, 3,000 ரூபாய் சார்" என்று வந்தார். அந்தக் குழியில் மட்டும் விழவில்லை. அப்படிப்பட்ட பட்டியலில் பாதி செத்த முகவரி, மீதி நம்மைக் கேட்காத ஆட்கள். 'ஸ்பாம்', அதாவது வேண்டாத மெயில், என்று வரும் புகாருக்கு கூகுள் சொல்லும் வரம்பு 0.3 சதவீதம். ஆயிரம் பேரில் மூன்று பேர் 'ஸ்பாம்' பட்டனை அமுக்கினாலே அதைத் தொட்டுவிடுவோம்; அப்புறம் உண்மையான வாடிக்கையாளருக்குப் போவதும் ஸ்பாமில்தான் கிடக்கும்.

முறையாகச் செய்யலாம் என்று மெயில் அனுப்பும் சர்வீஸ் ஒன்றில் கணக்குத் திறந்தேன். அது ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஜிமெயில் முகவரியை வைத்து அங்கிருந்து அனுப்பினால் போலி என்று தட்டிவிடுவார்கள், சொந்த டொமைன், அதாவது கடைக்கென்று ஒரு இணைய முகவரி, வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கறார்.

டொமைன் இருந்தது. என் பேரில் இல்லை! வெப்சைட் செய்த தம்பி தன் கணக்கிலேயே வாங்கி வைத்திருக்கிறான். மாட்டுத்தாவணி பக்கம் அவன் ஆபீசுக்கு மூன்று நடை. முதல் நாள் பூட்டு. இரண்டாம் நாள், "அண்ணே, ஓடிபி பழைய நம்பருக்குப் போகுது, அந்த சிம் இப்ப இல்லண்ணே." ஆதாரைக் கொடுத்து நம்பரை மாற்றி, என் பேருக்கு வருவதற்குள் அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார். வெப்சைட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பாருங்கள், டொமைன் யார் பேரில், யார் போன் நம்பரில் இருக்கிறது என்று.

அடுத்த கூத்து டி.என்.எஸ். பக்கத்தில், அதாவது டொமைனின் அமைப்புகளை எழுதி வைக்கும் இடத்தில். மெயில் போலி இல்லை என்று காட்ட அங்கே மூன்று வரி வேண்டும்: நம் பேரில் யார் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப்., மெயிலின் கையெழுத்தைச் சரிபார்க்க டிகிம், இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க். டொமைன் விற்ற கம்பெனியின் உதவி எண்ணில், "புதுசா இன்னொரு எஸ்.பி.எஃப். வரி சேருங்க சார்" என்றார்கள். சேர்த்தேன். சோதித்தால் ஃபெயில். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப். வரிதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. பழைய வரிக்குள்ளேயே புது சர்வீஸின் பெயரை நுழைக்க வேண்டும். டிகிம் வரியிலும் ஒரு வில்லங்கம்: பெயர்க் கட்டத்தில் முழுசாகப் போட்டால், அந்தப் பக்கம் தானாகவே டொமைனை இன்னொரு தடவை ஒட்டிவிடுகிறது. முன்பாதி மட்டும் போதும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். டிமார்க் ஒரே வரி, ஒரே தடவையில் சேர்ந்தது.

பிறகு எல்லாருக்கும் ஒரே ஒரு மெயில், தனித்தனியாக. முதல் வரி மன்னிப்பு. அடுத்து, 'மாதம் ஒரு கடிதம் வேண்டுமானால் இதை அழுத்துங்கள், பதில் வராவிட்டால் உங்கள் முகவரியை அழித்துவிடுகிறோம்.' அடியில் கடை விலாசம். அமெரிக்காவில் இருப்பவருக்கு அனுப்பினால் அந்த நாட்டு 2003 சட்டப்படி அது கட்டாயம். 70 மெயில் முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது, எல்லாம் அந்த 'எல்' - 'ஐ' கேஸ். வேண்டும் என்று அழுத்தியவர்கள் 214 பேர்.

"ஆயிரம் பேர் இருந்த இடத்துல இருநூறா? இதுக்கா இம்புட்டு அலைஞ்ச?" என்றார் அப்பா. ஆனால் அடுத்த மாதக் கடிதத்துக்கு அந்த இருநூறில் ஒன்பது பேர் சேலை கேட்டுப் பதில் எழுதினார்கள். ஆறு பேர் விலகினார்கள்; விலகும் லிங்க்கைக் கடிதத்தின் மேலேயே வைத்திருந்தேன்.

இப்போது பில் புக்கில் ஒரு சின்னக் கட்டம் அச்சடித்திருக்கிறோம்: 'மாதக் கடிதம் வேண்டும்'. டிக் போட்டால்தான் பட்டியலில் சேரும், அதுவும் அவர்களுக்குப் போகும் மெயிலில் ஒருமுறை உறுதி செய்த பிறகு. நேற்று 11 பில்லில் 3 டிக். மூன்றிலும் 'எல்' எது, 'ஐ' எது என்று கடையிலேயே கேட்டு, பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன்.