மாத்திரைக்கு மசியாதது எலக்ட்ரோடுக்கும் மசியாது

பார்க்கின்சனுக்கு ஆபரேஷன் உண்டா என்று கேட்குமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: மாத்திரை நன்றாக வேலை செய்யும் வேளையில் உடம்பு எப்படி இருக்கிறது? மூளைக்குள் மெல்லிய மின்கம்பி (எலக்ட்ரோடு) வைத்து விடாமல் மின்தூண்டல் கொடுப்பதுதான் ஆழ்மூளைத் தூண்டல் எனும் டிபிஎஸ். அது பெரும்பாலும் அந்த நல்ல வேளையைத்தான் நாள் முழுக்க நீட்டிக்கொடுக்கும்.

அதை அளக்க ஒரு சோதனை. இரவிலிருந்து சுமார் 12 மணி நேரம் மருந்தை நிறுத்தி (டாக்டர் மேற்பார்வையில்தான்), காலையில் விரல் தட்டுதல், விறைப்பு, எழுந்து நடப்பது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். பிறகு பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா கொடுத்து, அது முழுதாக ஏறியதும் மறுபடி மதிப்பெண். குறைந்தது 30 சதவீத முன்னேற்றமாவது எதிர்பார்ப்பார்கள். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் மின்தூண்டலுக்கு அடங்குவதுண்டு. மருந்து ஏறிய பிறகும் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது, அடிக்கடி விழுகிறார் என்றால் ஆபரேஷனால் பெரிய பலன் இருக்காது. மறதி முற்றியவருக்கு அது மேலும் மோசமாகலாம்.

எலக்ட்ரோடின் தடிமன் சுமார் 1.3 மி.மீ. அது பெரும்பாலும் போய்ச் சேரவேண்டிய, மூளையின் ஆழத்திலுள்ள சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற நரம்பணுத் திரளோ மொச்சைக் கொட்டையைவிடச் சிறியது. இரண்டு மி.மீ. வெளிப்புறம் விலகினால் முகமோ கையோ இழுக்கும், பேச்சு குழறும். பின்பக்கம் விலகினால் விடாத மதமதப்பு.

ஆபரேஷன் முடிந்ததும், கருவியை இயக்கும் முன்பே நடுக்கம் குறைந்திருக்கும். ஏமாந்துவிடக் கூடாது. எலக்ட்ரோடு நுழைந்த இடத்து வீக்கம் செய்யும் வேலை அது. சில வாரத்தில் வடிந்துவிடும். அதனால்தான் பல இடங்களில் 2 முதல் 4 வாரம் கழித்தே புரோகிராமிங், அதாவது கருவியின் மின்தூண்டல் அளவை அமைப்பது. வழக்கமான தொடக்கம் 130 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 130 மின்துடிப்பு), ஒவ்வொரு துடிப்பும் 60 மைக்ரோ செகண்டு. மின்னோட்டத்தை மட்டும் படிப்படியாக ஏற்றி, பலன் தொடங்கும் அளவையும் பக்கவிளைவு தொடங்கும் அளவையும் குறிப்பார்கள். எலக்ட்ரோடில் மின்சாரம் பாயும் முனைகள் பல உண்டு; இரண்டு அளவுக்கும் நடுவே இடைவெளி அதிகமுள்ள முனைதான் நல்ல முனை. மாத்திரையைக் குறைக்காமல் மின்சாரத்தை ஏற்றினால் உடம்பு தன்னிச்சையின்றி நெளியும். மாத்திரையை மளமளவென்று குறைத்தால் எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்துவிடுவார்.

கபாலத்தைத் துளைக்காத வழியும் உண்டு: குவி அல்ட்ராசவுண்டு. மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதியின் ஒரு புள்ளியை ஒலியலைகளால் சுமார் 55–60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக் கருக்குவது, முக்கியமாக நடுக்கத்துக்கு. கருக்கியதைத் திரும்பப் பெற முடியாது என்பதால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான்.

டிபிஎஸ் வைத்தவர் பிசியோதெரபி போனால் டயாதெர்மி (மின்காந்த அலையால் உடம்புக்குள் சூடேற்றும் சிகிச்சை) வேண்டவே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதன் ஆற்றல் வயர் வழியே ஏறி, மூளையிலுள்ள எலக்ட்ரோடு முனையைச் சூடாக்கிவிடும்.