இயந்திரம் வாசிக்கும் பிரதிகள்

வரலாறு, இலக்கியம், மெய்யியல் போன்ற மானுடத் துறைகளுக்கு இனி என்ன வேலை இருக்கிறது என்று, பழைய கடிதங்களையும் கணக்கேடுகளையும் படியெடுத்துப் பதிப்பிக்கும் பிரிவில் பணிபுரிகிற என்னிடம் பலரும் அனுதாபத்துடன் கேட்கிறார்கள். கையெழுத்தை வாசிக்கும் மென்பொருள் வந்தபின், வாரக்கணக்கில் நீண்ட படியெடுப்பு ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிடுவது உண்மைதான். அதில் எனக்கு வருத்தமில்லை. இத்துறைகள் கணினியை அஞ்சி ஒதுங்கியவையும் அல்ல: ராபர்ட்டோ பூசா என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி 1949இலேயே ஐபிஎம் நிறுவனத்தின் ஆதரவைப் பெற்று, இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் நூல்களுக்குத் துளை அட்டைகளைக் கொண்டு, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு தயாரிக்கத் தொடங்கினார். (அட்டைகளைத் துளையிட்ட இளம்பெண்களின் பெயர்களை வெகுகாலம் யாரும் கேட்கவில்லை என்பது தனிக்கதை.)

பழைய எழுத்துணரி மென்பொருள் பிழைவிட்டால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். சொல்லின் நடுவில் ஓர் எண்ணோ குறியோ முளைத்திருக்கும். ஏராளமான எழுத்துகளிலிருந்து மொழியின் போக்கைக் கற்ற மொழி மாதிரிகளின் துணையோடு இயங்கும் இன்றைய மென்பொருளோ பிழையையும் இலக்கணம் வழுவாமல் விடுகிறது. எழுதியவர் தம் பேச்சுவழக்கில் எழுதியதைச் செம்மையாக்கி வைக்கிறது; பூச்சி அரித்த இடத்தில் இருந்திருக்கக்கூடிய சொல்லை, ஊகமென்ற அடையாளமே இல்லாமல் நிரப்பிவிடுகிறது.

இது புதிய நோயன்று. களைத்த படியெழுத்தர்கள் புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றிவிட்ட குழப்பங்களைத் தீர்க்க முயன்றதில்தான், ஒரு நூலின் படிகளை ஒப்பிட்டு மூலச் சொற்களைத் தேடும் பாட ஆய்வு வளர்ந்தது. 1734இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த யோஹான் ஆல்பிரெக்ட் பெங்கல், பாடங்கள், அதாவது ஒரே இடத்தில் வெவ்வேறு படிகள் காட்டும் சொற்கள், முரண்படும்போது எளியதைவிடக் கடினமானதற்கே முன்னுரிமை தரவேண்டும் என்றார். படியெடுப்பவரின் கை கடினமானதை எளிதாக்கப் போகுமே தவிர, எளிதானதைக் கடினமாக்க அரிதாகவே போகும். அடுத்து வரக்கூடிய சொல்லை நிகழ்தகவால் கணிக்கும் இயந்திரம் இயல்பாகவே எளிய பாடத்தின் பக்கம் சாய்வதால், வகுப்பறையில் அலுப்போடு கேட்ட அந்த நெறி இப்போது எங்கள் அன்றாடக் கருவியாகிவிட்டது. கி.பி. 79இல் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை கரியாக்கிய, ஹெர்குலேனியம் நகரத்துப் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளுக்குள் 2023இல் மையின் தடயங்களைக் கண்டதும் இயந்திரக் கற்றல்தான். அவற்றை எந்தச் சொற்களாக ஏற்கலாம் என்று தீர்மானித்தவர்கள் பாப்பிரஸ் வாசிப்பில் பயின்ற அறிஞர்கள்.

என் கவலையெல்லாம், அத்தகைய அறிஞர்கள் இனி எவ்வாறு உருவாவார்கள் என்பதுதான். ஒரே கணக்கரின் கையெழுத்தைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்தவருக்கே, அவர் அவசரத்தில் எதைச் சுருக்குவார், எந்தச் செலவை மட்டும் மழுப்பலாக எழுதுவார் என்பது பிடிபடும். அந்தச் சலிப்பூட்டும் உழைப்புக்குள் ஒளிந்திருந்த பயிற்சியை நாங்கள் தனியே கற்பித்ததே இல்லை. இப்போது பணியில் சேர்கிறவர் முதல் நாளிலேயே இயந்திரத்தின் வாசிப்பைச் சரிபார்க்க அமர்கிறார். திரையில் கண்ட சொல் மனத்தில் பதிந்தபின், மங்கிய எழுத்தும் அச்சொல்லாகவே அவருக்குத் தெரிகிறது.

ஆகவே, புதியவர்கள் தொடக்க மாதங்களில் மென்பொருளைத் தொடாமல் கையாலேயே படியெடுக்கட்டும் என்று கேட்டேன். பக்கத்துக்கு ஆகும் செலவென்ன என்று நிர்வாகம் திருப்பிக் கேட்டது. அது நியாயமான கேள்விதான். தற்போதைக்கு ஒரேயொரு கடிதத் தொகுப்புக்கு மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது.