ஒரு சோபா, நான்கு பதினைந்து வயது

வேலை அனுமதி, வாடகை வீடு, பள்ளியில் இடம் எல்லாம் ஒருவழியாக அமைந்தபின், சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பம் சனிக்கிழமை இரவில் ஒரு படம் போடும். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருக்கிறதே, பள்ளிக்கூடக் கதையாக இருக்கட்டும் என்று அப்பா தேர்ந்தெடுப்பார். படம் முடியும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். அம்மாவின் முகம் இறுகியிருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் ஆச்சி, "இதையெல்லாமா பிள்ளைகளோட உட்காந்து பாக்குறது?" என்பார். பிள்ளை எப்போதோ கைப்பேசிக்குள் போயிருக்கும்.

படத்தின் மீது குற்றமில்லை. அப்பாவின் பதினைந்து வயது 1990களின் ஏதோ ஒரு தமிழ்நாட்டுப் பள்ளியில் முடிந்துபோனது. பிள்ளையின் பதினைந்து வயது ஜூரோங்கிலோ பொங்கோலிலோ இப்போது நடந்துகொண்டிருக்கிறது. முடிந்துபோனதைப் பார்ப்பவருக்கு இனிக்கும், நடந்துகொண்டிருப்பதைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கூசும். இதை ஏற்றுக்கொண்டால் படத் தேர்விலிருந்து பேச்சுவரை பலவற்றை வேறு மாதிரி செய்யலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும்.

முதலில் தரநிலை. இந்தியாவில் பழகிய கணக்கு இங்கே உதவாது. அங்கே யு/ஏ என்றால் பெற்றோர் கூட வந்தால் போதும். 2024 இறுதியில் அதை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தபோதும் முடிவு பெற்றோர் கையில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் படங்களைத் தரம் பிரிக்கும் அரசு அமைப்பான ஐஎம்டிஏ ஆறு தரநிலைகள் வைத்திருக்கிறது. ஜி, பிஜி, பிஜி13 மூன்றும் ஆலோசனை மட்டுமே. 2011இல் வந்த பிஜி13, பதிமூன்றுக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதோடு நிற்கும், வாசலில் தடுக்காது. என்சி16, எம்18, ஆர்21 மூன்றும் சட்டப்படியான வயதுத் தடை. அப்பா அம்மா இருவரும் கூடவே நின்றாலும் பதினைந்து வயதுப் பிள்ளையை என்சி16 படத்துக்கு விடமாட்டார்கள். மடியில் தூங்கும் கைக்குழந்தைக்கும் அதே விதிதான். யு/ஏ என்று கேள்விப்பட்டு இணையத்தில் நான்கு டிக்கெட் எடுத்துவிட்டு, தமிழ்ப் படம் இங்கே என்சி16 ஆக வந்திருப்பதை அரங்க வாசலில் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு. பதினாறு முடிந்த பிள்ளை என்றால் ஐசி (அடையாள அட்டை), மாணவர் அட்டை, கடவுச்சீட்டு இவற்றில் ஒன்று கையில் இருக்கட்டும். பார்த்தால் பெரிய பிள்ளையாகத் தெரிகிறதே என்ற வாதம் எடுபடாது.

தரநிலையை மட்டும் பார்த்தாலும் போதாது. ஐஎம்டிஏ தளத்தில் படத்தின் பெயரைத் தேடினால் எதற்காக அந்தத் தரநிலை என்று ஒரு குறிப்பும் இருக்கும். கெட்ட வார்த்தைக்காகவா, பாலியல் காட்சிக்காகவா, போதைப்பொருளுக்காகவா என்பது அதில் தெரிந்துவிடும். பதின்ம வயதுப் படங்களுக்கு இந்தக் குறிப்பு மிக முக்கியம். ஏனென்றால் இவை பெரும்பாலும் பேச்சுக்காகவே மேல் தரநிலைக்குப் போகின்றன. 2018இல் வந்த 'எய்த் கிரேட்' என்ற அமெரிக்கப் படம் பதிமூன்று வயதுச் சிறுமியின் ஒரு வாரத்தைச் சொல்கிறது. அந்த ஊரில் அதற்குக் கிடைத்தது ஆர். அதாவது அந்தச் சிறுமியின் வயதுக்காரர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாது. விநியோகித்த நிறுவனம் ஒருநாள் மட்டும் மாநிலத்துக்கு ஓர் அரங்கில் வயது பார்க்காமல் இலவசமாகத் திரையிட்டது. எந்த வயதைப் பற்றிய படமோ அந்த வயதுக்கே எட்டாமல் போவது இந்த வகைப் படங்களின் தலைவிதி. சிங்கப்பூரிலும் உதாரணம் இருக்கிறது. ராய்ஸ்டன் டான் 2003இல் எடுத்த '15', கும்பல்களில் திரிந்த நிஜப் பையன்களையே நடிக்க வைத்தது. 27 இடங்களில் வெட்டு வாங்கியது. மறு ஆண்டே அவர் தணிக்கையைக் கிண்டலடித்து ஒரு குறும்படம் எடுத்தார். தரமான படம்தான், ஆனால் குடும்பத்தோடு சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் படமல்ல.

தமிழ்ப் படங்களில் இங்குள்ள வீடுகள் பலவற்றில் ஓடுவது '96'. 2018இல் வந்தது. ராம், ஜானகி என்ற ஜானு இருவரின் தஞ்சாவூர்ப் பள்ளி நாட்கள், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வகுப்புத் தோழர்கள் கூடும் ஓர் இரவு. ஜானகி அந்தச் சந்திப்புக்கு வருவதே சிங்கப்பூரிலிருந்துதான், விடிந்ததும் திரும்புவதும் சிங்கப்பூருக்குத்தான். படத்துக்கு இந்த ஊர் அவள் திரும்பிப் போக வேண்டிய இடம், அவ்வளவே. அவளுடைய வீடு, வேலை, பிள்ளையின் பள்ளி எதுவும் நமக்குக் காட்டப்படுவதில்லை. இங்கே குடியேறிய அம்மாக்கள் பலருக்குப் படம் தொண்டையை அடைப்பது காதலுக்காக மட்டுமல்ல என்று தோன்றுகிறது. ஊருக்குப் போய் ஓரிரவில் பழைய பெயரால் அழைக்கப்பட்டுவிட்டு சாங்கி விமான நிலையத்துக்குத் திரும்புவது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

பிள்ளை கேட்கும் கேள்வி வேறு. "ஊரை விட்டுப் போனா போன் பண்ணியிருக்கலாமே?" அப்பாவுக்குச் சுருக்கென்றிருக்கும், ஆனால் நியாயமான கேள்விதான். கடனுக்குப் பயந்து ராமின் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைக் காலிசெய்தால், பத்தாம் வகுப்புப் பையனைத் தேடிப் பிடிக்க அன்றைக்கு ஒரு வழியும் இல்லை என்பது தெரிந்தால்தான் கதை நிற்கும். படம் தொடங்கும் முன்பே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள், நடுவில் நிறுத்திச் சொல்ல வேண்டாம். இன்னொன்றும் செய்யலாம். படம் முழுக்க ராம் கேட்டும் ஜானு பாடாமல் வைத்திருக்கும் பாட்டு 'தளபதி'யில் வரும் 'யமுனை ஆற்றிலே'. கடைசியில் அவள் அதைப் பாடும்போது பெற்றோர் உடைந்துபோவார்கள். பிள்ளைக்கு அது யாரோ பாடும் ஏதோ ஒரு பாட்டு. அந்த வாரத்தில் காரிலோ சமையலறையிலோ ஒருமுறை அதை ஓடவிட்டால் போதும், காட்சி பிள்ளைக்கும் கொஞ்சம் திறக்கும்.

உள்ளூர்ப் படங்களுக்கு வந்தால் பெற்றோர்தான் வெளியாட்கள். ஜாக் நியோவின் 'ஐ நாட் ஸ்டுபிட்' 2002இல் வந்தது, படிப்பில் பின்தங்கியவர்களுக்கான இஎம்3 பிரிவில் போடப்பட்ட மூன்று தொடக்கநிலை 6 பையன்களின் கதை. புதிதாக வந்த பெற்றோர் இதை இன்றைய பள்ளியின் ஆவணப்படம் போலப் பார்த்துவிட்டு மறுநாளே டியூஷன் தேடுகிறார்கள். இஎம்3 2008லேயே போய்விட்டது. உயர்நிலையில் எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளும் 2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து இல்லை. இப்போது மூன்று போஸ்டிங் குரூப்கள், பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று மாறும் நிலைகள். ஒரே வகுப்பில் கணிதத்தை ஜி3இலும் தாய்மொழியை ஜி2இலும் படிக்கும் பிள்ளை இருக்கலாம். இங்கேயே வளர்ந்த பெற்றோருக்குப் படம் தங்கள் வடு. புதிதாக வந்தவர்களுக்கு எச்சரிக்கை. இன்றைய பிள்ளைக்குப் பழங்கதை, சில சமயம் சிரிப்பு. பிள்ளை சிரித்தால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தேர்வில் தோற்ற சிறுவன் உயிரை விட முயலும் பகுதி அதில் வருகிறது என்பதையும் முன்னமே தெரிந்துகொள்ளுங்கள். தேர்வு முடிவு வரும் வாரத்தில் இந்தப் படம் வேண்டாம். பார்த்தபின் பிள்ளை வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கிப்போனால் கேளுங்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிடன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

2006இல் வந்த 'ஐ நாட் ஸ்டுபிட்' இரண்டாம் படம்தான் சோபாவை இரண்டாகப் பிளப்பது. அதில் பதினைந்து வயதுப் பையன் பள்ளி முழுக்கப் பார்க்கப் பிரம்படி வாங்குகிறான். அப்பா சிரித்துக்கொண்டே "நாங்க வாங்காத அடியா" என்பார். அம்மா பேசமாட்டார். பிள்ளை அதிர்ந்துபோகும், அல்லது மிகச் சாதாரணமாக, தன் பள்ளியில் யார் யார் வாங்கினார்கள் என்று சொல்லும். இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மாணவரை உடல்ரீதியாகத் தண்டிப்பதைத் தடுக்கிறது. சிங்கப்பூரில் கடுமையான குற்றங்களுக்கு ஆண் மாணவர்களைப் பிரம்பால் அடிக்கப் பள்ளி விதிகள் இடம் தருகின்றன, மாணவிகளை அடிக்கக் கூடாது. ஊரில் அடி வாங்கி வளர்ந்த அப்பா, அடி சட்டவிரோதமான நாட்டிலிருந்து அது சட்டப்படியான நாட்டுக்கு வந்திருக்கிறார் என்பதைப் படம் பார்க்கும் வரை பல வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை. அந்த இரவின் உருப்படியான பேச்சு இதுவாகத்தான் இருக்கும். அப்பாவின் பழைய வீரக்கதை அதற்குள் புகுந்துவிட்டால் அதுவும் போய்விடும்.

பிள்ளைகளும் ஒரே வகையல்ல. மூன்று வயதில் வந்து இங்கே தொடக்கநிலை படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிப் படம் ஒரு வெளிநாட்டுப் படம். அரங்கில் ஆங்கில வசன வரியைப் படித்துவிட்டு, வசனம் முடிவதற்குள் பெற்றோருக்கு முந்திச் சிரித்துவிடும். பதிமூன்றில் வந்த பிள்ளைக்கு நிலைமை தலைகீழ். வெளிநாட்டு மாணவர்களுக்கான ஏஇஐஎஸ் என்ற சேர்க்கைத் தேர்வெழுதி, சில நேரம் வயதுக்குக் கீழான வகுப்பில் சேர்ந்து, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்காரும் பிள்ளைக்கு ஊர்ப் பள்ளிப் படம் தாங்க முடியாததாக இருக்கலாம். விட்டுவந்த நண்பர்கள் எல்லாம் அந்தப் படத்துக்குள் இருப்பார்கள். அறையை விட்டு எழுந்து போனால் பின்னாலேயே போகாதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் ஆண்டில் ஊர்ப் படமும் வேண்டாம், உள்ளூர்ப் படமும் வேண்டாம். மூன்றாவது ஒரு நாட்டின் கதை நல்லது. பிக்ஸாரின் 'டர்னிங் ரெட்' 2002ஆம் ஆண்டு டொராண்டோவில் வளரும் பதிமூன்று வயதுச் சீனச் சிறுமியின் கதை. குடியேறிய வீடு, கெடுபிடி அம்மா, கோயில் எல்லாம் இருந்தும் எதுவும் நம்முடையது அல்ல என்பதால் யாருக்கும் முகம் கறுக்காது.

வீட்டில் பார்க்கும் முறையில் பெரும்பாலும் மூன்று இடங்களில் கெடுகிறது. ஒன்று நேரம். இரண்டரை மணி நேரப் படத்தை ஒன்பதரைக்குப் போட்டால் இரண்டாம் பாதி தூக்கத்துக்கும் கைப்பேசிக்கும் போகும், ஏழு மணிக்குச் சாப்பாட்டோடு தொடங்குங்கள். ஜூன் மாத நான்கு வார விடுமுறையும் ஆண்டிறுதி ஆறு வாரமும் தோது, செப்டம்பர் அக்டோபர் தேர்வுக் காலம் ஆகாது. இரண்டாவது ரிமோட். முத்தக் காட்சியை ஓட்டிவிடும் அப்பா, அந்தக் காட்சியை மட்டும் பிள்ளை நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்துவிடுகிறார். பெற்றோரில் ஒருவர் முன்னாலேயே பார்த்து, சங்கடமான இடம் எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொள்ளலாம். ஆச்சிக்கு ஒவ்வாதென்றால் அவர் தூங்கப் போனபின் பார்க்கலாம். மூன்றாவது இருக்கை. பிள்ளையை நடுவில் உட்காரவைத்தால் இரண்டு பக்கமும் முகம் பார்க்கப்படுகிறது என்ற உணர்வு இருக்கும். ஓரத்திலோ தரையில் மெத்தை போட்டோ விட்டுவிடுங்கள், விளக்கை அணைத்துவிடுங்கள்.

பேச்சை அன்றிரவே ஆரம்பிக்க வேண்டாம். மறுநாள் எம்ஆர்டி ரயிலுக்கு நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியிராத நேரத்தில் தானே வரும். "நீயும் இப்படித்தானா?", "உங்க ஸ்கூல்லயும் இதெல்லாம் நடக்குதா?" என்ற இரண்டு கேள்விகளும் கதவைச் சாத்திவிடும், ஏனென்றால் அவை விசாரணை. "இதுல எந்தக் காட்சி பொய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதின்ம வயதுக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். சீருடையின் சட்டை வெளியே தொங்குவது, முடியின் நீளம், இணைப்பாட நடவடிக்கைக்கு யாருமே போகாதது, 2026 ஜனவரியிலிருந்து இடைவேளையில்கூடத் தொட முடியாத கைப்பேசியை வகுப்பில் நீட்டிக்கொண்டிருப்பது என்று அடுக்குவார்கள். அப்படி அடுக்கும்போது தங்கள் பள்ளியைப் பற்றி, பெற்றோர் கேட்டே தெரிந்துகொள்ள முடியாத பலவும் வந்து விழும்.

அரங்கில் ஓடி முடிந்த பழைய சிங்கப்பூர்ப் படங்களுக்கு, கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்தில் இருக்கும் ஓல்டம் அரங்கின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஏஷியன் ஃபிலிம் ஆர்க்கைவ் நடத்துவது. ஆண்டிறுதியில் சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவும் பள்ளி விடுமுறையோடு ஒட்டி வருகிறது.

ஆண் பிள்ளை உள்ள வீடுகள் ஒரு கட்டத்தில் 'ஆ பாய்ஸ் டு மென்' பார்த்தே தீரும். 2012இல் வந்த, தேசிய சேவைக்குப் போகும் பையன்களின் கதை. பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான பையனுக்கும் தேசிய சேவை உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டில் சேர்க்கை, இரண்டு ஆண்டு. பிஆர் (நிரந்தரவாசம்) விண்ணப்பம் போட்டுவிட்ட, போடலாமா என்று யோசிக்கும் அப்பா படத்தை ஒரு கணக்கோடு பார்ப்பார். சேவை செய்யாமல் பிஆரை விட்டுக்கொடுத்தால் பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ போடும் விண்ணப்பத்தை அது பாதிக்கும் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். பையன் விழுந்து விழுந்து சிரிப்பான், நண்பர்களோடு ஏற்கெனவே பார்த்திருப்பான். அம்மா சிரிக்கமாட்டார். படத்தை நிறுத்தச் சொல்லி, அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் சைவச் சாப்பாடு கிடைக்குமா, சேரும் நாளில் கூடப் போக விடுவார்களா என்று கேட்பார். இரண்டுக்கும் விடை 'உண்டு' என்பதுதான். முதல் நாள் குடும்பத்தோடு படகேறிப் போய், முகாமைச் சுற்றிப் பார்த்து, அங்குள்ள உணவுக்கூடத்தில் பையனோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.