அந்தப் படிவத்தில் நான் போட்ட இரண்டு

டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரின் மேற்குப் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் வகுப்பில் அநேகமாக எல்லோருமே மெக்சிகன் வம்சாவளிக் குழந்தைகள். இரண்டு மூன்று பேர் கறுப்பினத்தவர். எங்கள் வீடு நகரின் வடக்கே இருக்கிறது. வேலை கிடைத்த புதிதில் அங்குள்ள தமிழ் நண்பர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தப் பக்கமா? பயமா இல்லையா?" கொஞ்ச நாள் கழித்து வேறொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். "அவங்க வீட்ல எல்லாம் படிப்புக்கு மதிப்பு கிடையாதுங்க. நீங்க என்ன கத்திக் கத்திச் சொல்லிக்குடுத்தாலும் அவ்வளவுதான்."

நான் மறுத்துப் பேசியதில்லை. முதல் சில வருஷங்கள் பாதி நம்பவும் செய்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அந்த நம்பிக்கையோடுதான் நான் ஒரு படிவத்தை நிரப்பினேன்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்தப் படிவம் வரும். அடுத்த வருஷம் எந்தக் குழந்தை உயர்நிலைக் கணக்கு (அட்வான்ஸ்டு மேத்ஸ்) வகுப்புக்குப் போகலாம் என்று ஆசிரியர் பரிந்துரைக்க வேண்டும். ஐந்து வரிகள்: தேர்வு, வீட்டுப்பாடம், வகுப்பில் கவனம், பொறுப்பு, முதிர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டும். கூட்டினால் பதினெட்டு வந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. பார்க்கச் சின்னக் காகிதம். ஆனால் ஏழாம் வகுப்பில் அந்தக் கணக்குக்குப் போகிற குழந்தைதான் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா முடிக்கும். எட்டில் அல்ஜீப்ரா முடித்தால்தான் பன்னிரண்டில் கால்குலஸ் வரை நேர்வழியில் போக முடியும். பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது இது தெரியும். நம் ஊரில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்ததா, தேர்ட் குரூப்பா என்பதில் ஒரு வாழ்க்கை திரும்புமே, அதே திருப்பம் இங்கே பன்னிரண்டு வயதில் நடக்கிறது. வித்தியாசம், நம் ஊரில் ஃபர்ஸ்ட் குரூப் என்ற பெயராவது எல்லா வீட்டுக்கும் தெரியும்.

அந்த வருஷம் மூன்றாவது வரிசையில் ஒரு பையன் இருந்தான். பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை, ஓரடி டைல்ஸ், எத்தனை வேண்டும் என்று பலகையில் எழுதினேன். வகுப்பே 120 என்றது. இவன் கையைத் தூக்காமல், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "132 வாங்கணும் மிஸ்" என்றான். ஏன் என்றேன். "ஓரத்துல வெட்டும்போது உடையும். நூத்துக்குப் பத்து சேர்த்து வாங்கணும். குறுக்கா பதிச்சா பதினஞ்சு." அவன் அப்பா டைல்ஸ் பதிக்கிறவர். சனிக்கிழமைகளில் கூடப் போவானாம்.

அவனுக்குத் தேர்வில் ஐந்து போட்டேன். பத்து வீட்டுப்பாடத்தில் மூன்றுதான் கொடுத்திருந்தான், அதற்கு இரண்டு. ஜன்னலைப் பார்க்கிற பையன், கவனத்துக்கு மூன்று. பொறுப்பு இரண்டு. முதிர்ச்சி இரண்டு. கூட்டினேன், பதினான்கு. படிவத்தை உறையில் போட்டு ஒட்டினேன். ஒரு நிமிஷம்கூட எனக்கு உறுத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து என் மகனின் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அவனும் அப்போது ஆறாம் வகுப்பு. அவனுக்கும் தேவையான மதிப்பெண் வரவில்லை, இரண்டு குறைவு. ஆனால் கடிதத்தின் கீழே ஒரு வரி இருந்தது: பரிந்துரை இல்லாவிட்டாலும் பெற்றோர் விரும்பினால் கையெழுத்திட்டுச் சேர்க்கலாம். எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அன்று ராத்திரியே நாற்பது செய்தி. யார் யாருக்குக் கடிதம், எந்தத் தேதிக்குள், எந்த டீச்சர் நல்லவர், கோடையில் எங்கே பயிற்சி வகுப்பு. ஒரு குழந்தையும் வெளியே நிற்கவில்லை. நானும் கையெழுத்துப் போட்டேன். என் மகனும் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகக் கொடுக்கிறவன் இல்லை. அவனிடம் முதிர்ச்சி இருக்கிறதா என்ற கேள்வி என் மனதில் எழவே இல்லை.

மறுநாள் எங்கள் பள்ளியின் மாணவர் ஆலோசகரிடம் போய், நம் பள்ளியிலும் பெற்றோர் இப்படிக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். "தாராளமாக. கேட்டால் கொடுப்போம்" என்றார். யாராவது கேட்டிருக்கிறார்களா? இல்லை. அப்படி ஒன்று இருப்பதாகக் கடிதம் போகுமா? போகாது.

அந்த மே மாதம் பள்ளியில் குடும்ப மாலை நடந்தது. அந்தப் பையன் ஐந்து வயதுத் தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். அம்மா வரவில்லை, இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்கிற வேலை. அப்பா வீடு திரும்ப ஒன்பதாகும். அதுவரை தங்கைக்குச் சாப்பாடு போட்டு, குளிக்க வைத்துத் தூங்க வைப்பது இவன். பொறுப்பு, இரண்டு. முதிர்ச்சி, இரண்டு. படிவம் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கோடையில்தான் நான் வேலை பார்க்கும் இந்தப் பகுதியின் கதையைத் தேடிப் படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டும். 1968 மே மாதம், இதே மேற்குப் பகுதியில் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். உடைந்த கட்டடமும் தகுதி பெறாத ஆசிரியர்களும்தான் காரணம். அதைத் தொடர்ந்து, பள்ளிகளுக்குப் பணம் கிடைக்கிற முறையே பாகுபாடானது என்று பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். முன்னால் நின்றவர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ், கெல்லி விமானப்படைத் தளத்தில் தகரவேலை செய்தவர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தத் தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. பள்ளி மாவட்டம் என்றால் தனியாக வரி வாங்கித் தன் பள்ளிகளை நடத்துகிற சிறு பகுதி; ஒரே நகரில் பல இருக்கும். எட்ஜ்வுட் பள்ளி மாவட்டத்தில் சுமார் 90 சதவீதம் மெக்சிகன் அமெரிக்கக் குழந்தைகள், 6 சதவீதத்துக்குச் சற்று மேல் கறுப்பினக் குழந்தைகள். ஒரு குழந்தைக்குச் செலவிட முடிந்தது 356 டாலர். அதே நகரில், பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த அலாமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் 594 டாலர்.

இதைப் படித்துவிட்டுக் கடந்துபோயிருப்பேன். அடுத்த எண்ணில்தான் நின்றேன். பள்ளிக்கான சொத்து வரி, நூறு டாலர் மதிப்புக்கு, அலாமோ ஹைட்ஸில் 85 சென்ட். எட்ஜ்வுட்டில் ஒரு டாலர் 5 சென்ட். ஏழைகள்தான் அதிக விகிதத்தில் வரி கட்டினார்கள். ஆனால் அவர்கள் வீடுகளுக்கு மதிப்பு இல்லாததால் அந்த வரியில் பணம் தேறவில்லை. மதிப்பு ஏன் இல்லை? இந்த நகரில் மெக்சிகர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிய நிலங்கள் இருந்தன. 1930களில் கடன் கொடுக்கத் தகாத பகுதிகள் என்று வரைபடத்தில் சிவப்பு அடித்தபோது மேற்குப் பகுதி அதற்குள் போயிற்று. வீடு வாங்கக் கடன் கிடைக்காத இடத்தில் வீட்டு மதிப்பு எப்படி ஏறும்?

1973 மார்ச்சில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தப் பெற்றோர்கள் தோற்றார்கள். அமெரிக்க அரசமைப்புச் சட்டம் கல்வியை அடிப்படை உரிமையாகத் தரவில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மறுத்து எழுதிய நீதிபதிகளில் ஒருவர் தர்குட் மார்ஷல். 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை வக்கீலாக வாதாடிப் பெற்றவர். அதற்குப் பிறகும் இவர்கள் விடவில்லை. 1984இல் மாநில நீதிமன்றத்தில் மறுபடி வழக்கு. 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்போது வரி போடக்கூடிய மொத்தச் சொத்து மதிப்பை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், ஒரு குழந்தைக்கு எட்ஜ்வுட்டில் 38,854 டாலர், அலாமோ ஹைட்ஸில் 5,70,109 டாலர். 1993இல்தான் பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை ஏழை மாவட்டங்களுக்குத் திருப்பும் சட்டம் நிலைத்தது.

படிப்புக்கு மதிப்பு இல்லாத வீடுகளா இவை? கூடுதல் வரியும் கட்டி, இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டு வாசலிலும் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வார்த்தையை இப்போது எங்கள் விருந்துகளில் யாராவது சொன்னால் நான் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு இந்த 85 சென்ட் கணக்கைச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் பேச்சை மாற்றுகிறார்கள்.

நம் குழந்தைகள் கெட்டிக்காரர்கள்தான், உழைக்கிறார்கள்தான். ஆனால் இந்த ஊருக்கு நாம் எப்படி வந்தோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பட்டம் படித்தவர்களைத்தான் சலித்தெடுத்து விசா கொடுத்து வரவழைத்தார்கள். அப்படி வந்தவர்களின் பிள்ளை வகுப்பில் நுழையும்போதே "கணக்கு வரும்" என்று ஆசிரியர் முடிவு செய்துவிடுகிறார். மூன்றாவது வரிசைப் பையனைப் பற்றியும் ஒரு முடிவு முன்கூட்டியே இருக்கிறது. என் மகனுக்குக் குறைந்த இரண்டு மார்க்கை என் ஒரு கையெழுத்து சரிக்கட்டியது. அந்தப் பையனுக்கு அந்த முடிவு அதைவிட அதிகமாகக் குறைத்தது, என் கையால்.

பாப் மோசஸ் என்ற கறுப்பினத் தலைவரைப் பற்றி அப்போதுதான் அறிந்தேன். 1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போராடியவர். அங்கே பதிவு செய்ய வருகிறவரிடம் மாநில அரசமைப்பின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். விளக்கம் சரியா தவறா என்று தீர்மானிப்பது பதிவு அலுவலர்; அவர் வெள்ளையர். அதே மோசஸ் கணக்கு வாத்தியாரும்கூட. பிற்காலத்தில் மகளின் பள்ளியில் அல்ஜீப்ரா நடத்தவில்லை என்று தானே போய்ச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, 1982இல் அதை அல்ஜீப்ரா புராஜெக்ட் என்ற இயக்கமாக்கினார். ஏழைக் குழந்தைகளுக்கு அல்ஜீப்ரா என்பது வாக்குரிமை மாதிரி என்று வாதாடினார். பதிவு அலுவலரின் அந்தக் காகிதத்தையும் 'முதிர்ச்சி' என்ற வரி உள்ள என் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அடுத்த ஏப்ரலில் படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் மாநிலத் தேர்வு மதிப்பெண்களை இறங்குவரிசையில் எழுதிக்கொண்டேன். மேலே இருந்தவர்களில் பழைய வழக்கப்படி பதினெட்டைத் தொட முடியாதவர்கள் பதினொரு பேர். பட்டியலோடு போனால், ஒரே ஒரு பிரிவுதான் இருக்கிறது, இன்னொன்றுக்கு டிமாண்ட் இல்லை என்றார்கள். டிமாண்ட் எப்படி வரும்? பதினொரு வீட்டுக்கும் நானே போன் செய்தேன். என் ஸ்பானிஷ் தடுமாறும். மறுமுனையில் இருந்த அம்மாக்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஒரு பாட்டி, "இதுக்குத் தனியாப் பணம் கட்டணுமா மாயெஸ்த்ரா?" என்றார். மாயெஸ்த்ரா என்றால் டீச்சர். இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எங்க கையெழுத்துப் போடணும்?" பதினொரு பேரில் ஒன்பது பேர் கையெழுத்திட்டார்கள். இரண்டாவது பிரிவு வந்தது.

2023இல் டெக்சாஸ் சட்டமன்றம் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. ஐந்தாம் வகுப்பு மாநிலக் கணக்குத் தேர்வில் மேலே உள்ள 40 சதவீதக் குழந்தைகளை ஆறாம் வகுப்பில் தானாகவே உயர்நிலைக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகலாம். டாலஸ் நகரப் பள்ளிகள் அதற்கு முன்பே இப்படிச் செய்து காட்டியிருந்தன. முன்பு கேட்டவர்களுக்குக் கதவு திறந்தது. இப்போது கதவு திறந்தே இருக்கிறது. எங்கள் வகுப்புகள் நிரம்பிவிட்டன. எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. கணக்கு ஆசிரியர் கிடைக்காமல் மாதக்கணக்கில் மாற்று ஆளை வைத்து ஓட்டுகிறோம். பின்னத்திலேயே தடுமாறுகிற சில குழந்தைகள் திணறுகிறார்கள். அவர்களுக்காகச் சனிக்கிழமை காலை வருகிறேன். ஆனாலும் அந்த ஐந்து வரிக் காகிதம் இப்போது என் மேஜைக்கு வருவதில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் "மிஸ்!" என்று குரல். பைகளில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தான் அந்தப் பையன். என்னைவிட ஓரடி வளர்ந்திருந்தான். பள்ளி முடித்துவிட்டானாம். ஒன்பதாம் வகுப்பில்தான் அல்ஜீப்ரா எடுத்தான்; பன்னிரண்டு முடியும்போது கால்குலஸ் தொடவில்லை. சமுதாயக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான், பகலில் அங்கே, சாயங்காலம் இங்கே. தங்கை ஆறாம் வகுப்பு. "அவளுக்கு லெட்டர் வந்துச்சு மிஸ், அட்வான்ஸ்டு கணக்கு. நான்தான் வீட்ல சொல்லிக்குடுக்கறேன்." சொல்லும்போது முகம் மலர்ந்தது. பிறகு கேட்டான்: "எங்க காலத்துல அந்த லெட்டர் கிடையாதா?"

லெட்டர் இல்லை, ஒரு படிவம் இருந்தது, அதை நிரப்பியது நான், பதினெட்டு வேண்டியிருந்தது, உனக்குப் பதினான்குதான் போட்டேன் என்று சொன்னேன். அவன் ஒரு பால் கேனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் ஹோம்வொர்க் குடுக்கலையே மிஸ்" என்றான்.

அது காரணம் இல்லை, தப்பு என்னுடையது என்றேன். அவன் தலையை ஆட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. முட்டையைத் தனிப் பையில் வைத்துக் கொடுத்தான்.