ஆறு கத்தி வேண்டாம், ஒரு கத்தியும் ஒரு கல்லும் போதும்

போன வாரம் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மரக்கட்டையில் செருகி வைத்த ஆறு கத்திகள், கூடவே ஒரு கத்தரிக்கோல், எல்லாம் சேர்த்து 899 ரூபாய். பெங்களூரில் தனியாக வீடு எடுத்துச் சமைக்க ஆரம்பித்திருக்கிறாள். "இதை வாங்கிரட்டுமாம்மா?" என்று கேட்டிருந்தாள். வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். ஏன் என்று போனில் சொல்லத் தொடங்கி பாதியிலேயே அவளுக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு 35 சாப்பாடு. இரண்டு கிலோ சின்ன வெங்காயம், நாலு கிலோ காய் தினமும் நறுக்கியாக வேண்டும். முதலில் எல்லாம் அம்மாவின் அருவாமனையில்தான். திருப்பாச்சேத்திப் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது. எலுமிச்சை பட்டால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் துரு ஏறும். ஆனால் வெட்டு அப்படி இருக்கும். முழங்கால் வலி வந்து தரையில் உட்கார முடியாமல் போன பிறகுதான் கத்திக்கு மாறினேன்.

முதல் கத்தி பாத்திரக் கடையில் 60 ரூபாய். பிளாஸ்டிக் கைப்பிடி, விளிம்பில் ரம்பம் மாதிரிப் பல். முதல் இரண்டு வாரம் நன்றாக வெட்டியது. அப்புறம் தக்காளியை நசுக்க ஆரம்பித்தது. அந்தப் பல் இருக்கிற கத்தியைச் சாதாரணக் கல்லில் தீட்டவும் முடியாது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான். ஒரு வருஷத்தில் ஏழு கத்தி வாங்கினேன். ஏழாவது கத்தி மஞ்சள் பூசணியின் தோலில் வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. நாலு தையல். ஒரு வாரம் சாப்பாடு கொடுக்க முடியவில்லை. மழுங்கின கத்தி என்றால் பலம் கொடுத்து அழுத்துவோம். அது வழுக்கும்போது அத்தனை பலமும் விரலுக்கு வந்துவிடும்.

தையல் பிரித்த அன்றே விக்டோரினாக்ஸ் என்கிற சுவிஸ் கம்பெனியின் கத்தி ஒன்று வாங்கினேன். 20 சென்டிமீட்டர் நீளம், பல் இல்லாத நேர் விளிம்பு, ஏறக்குறைய 4,000 ரூபாய். அம்மா விலையைக் கேட்டுவிட்டு, "ஏண்டி, ஒரு கத்திக்கா?" என்றார். அன்று எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. இப்போது தெரியும்.

அதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த 4,000 ரூபாய்க் கத்தியும் போகப் போக மழுங்கியது. எனக்குப் பெரிய வருத்தம். ஒரு கடையில் மோட்டார் சாணையில் பிடிக்கக் கொடுத்தேன். பொறி பறந்தது, விளிம்பு நீலமாகிவிட்டது. சூடு அதிகமானால் எஃகின் உறுதி இறங்கிவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த நீலம் ஏறிய பகுதி தேய்ந்து போகும் வரை கத்தி நாலு நாள்கூடத் தாங்கவில்லை. தேய்த்தது நான்தான், 1000 நம்பர் தீட்டுக்கல் (நம்பர் கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும்) வாங்கி, வீட்டிலேயே.

கல்லைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைக்க வேண்டும். கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து சுண்டு விரல் கனத்துக்குத் தூக்கி, அந்தச் சாய்வு மாறாமல் தள்ளித் தள்ளித் தேய்க்க வேண்டும். சிறிது நேரத்தில் மறுபக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிர் ஏறும், கட்டைவிரலை விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால் தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகு கத்தியைத் திருப்பிப் போட வேண்டும். முதல் இரண்டு தடவை எனக்குச் சரியாக வரவில்லை. மூன்றாவது தடவை தக்காளித் தோல் மேல் கத்தியை வைத்து இழுத்தேன், அழுத்தவே இல்லை, தானாக இறங்கியது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் வாசல் படிக்கல்லுல தண்ணி தெளிச்சு இதைத்தானே செஞ்சேன்" என்றார். அதேதான்.

கல் கைக்குப் பழகிய பிறகு ஒரு சோதனை செய்தேன். 120 ரூபாய்க்கு நேர் விளிம்புக் கத்தி ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒரே கல்லில் தீட்டினேன். அன்று இரண்டும் ஒரே மாதிரி வெட்டின, சத்தியமாக வித்தியாசம் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை மலிவுக் கத்தி தக்காளியில் வழுக்கியது. மற்றது மூன்று வாரம் ஓடியது. அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். காசு கொடுத்து வாங்குவது கூர்மையை இல்லை, அந்தக் கூர்மை நிற்கிற நாட்களை.

காரணம் எஃகில் இருக்கிறது. கார்பன் குறைந்த எஃகை எத்தனை தடவை பழுக்கக் காய்ச்சி முக்கி எடுத்தாலும் போதிய கடினம் வராது. என் கத்தியில் கார்பன் அரை சதவீதம், துருப்பிடிக்காமலிருக்க குரோமியம் 15 சதவீதம். எஃகின் கடினத்தை அளக்கிற ராக்வெல் அளவில் 55, 56. அந்த 120 ரூபாய்க் கத்தியின் அட்டையில் வெறும் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும்தான் போட்டிருந்தது, கார்பன் எவ்வளவு என்று தெரிய வழியில்லை.

அப்படியென்றால் இன்னும் விலை கூடினது இன்னும் நல்லதா? தோழி ஒருத்தி ஜப்பானிலிருந்து வாங்கி வந்த கத்தியை ஒரு நாள் முழுக்க உபயோகித்துப் பார்த்தேன். விஜி-10 என்கிற எஃகு, கடினம் 60 பக்கம். மெல்லிய தகடு. வெங்காயம் அரியும்போது கண் எரிச்சலே குறைந்தது, வெங்காயத்தின் செல்கள் நசுங்காமல் வெட்டுப்படுவதால். அவ்வளவு அழகான பொருள். ஆனாலும் என் சமையலறைக்கு வேண்டாம். எஃகு கடினமாக ஆக ஆக விளிம்பில் எளிதில் பொக்கை விழும். பூசணியில் இறக்கித் திருகுவது, கோழி எலும்பில் தட்டுவது, சேனைக்கிழங்கைப் பிளப்பது எல்லாம் அதற்கு ஆகாது. நிதானமாக ஒரு வீட்டுக்கு மட்டும் சமைக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

மகளுக்கு 4,000 ரூபாய்க் கத்திகூடத் தேவையில்லை. ஒரு ஆளுக்கு அரை கிலோ காய், அதுவும் வாரத்தில் நாலு நாள். 15 சென்டிமீட்டரில் நேர் விளிம்புக் கத்தி, எஃகின் பெயர் போட்டதாக, 1,200 ரூபாய்க்குள். அதோடு ஒரு கல். கிரானைட் மேடையிலோ கண்ணாடிப் பலகையிலோ நறுக்காமலிருக்க ஒரு வேப்ப மரப் பலகை. கழுவினதும் துடைத்துத் தனியாக வைக்க வேண்டும், கரண்டி டப்பாவுக்குள் போட்டால் விளிம்பு இடித்து இடித்துப் போய்விடும்.

கல்லை நான் வாங்கி வைத்துவிட்டேன். தீபாவளிக்கு வரும்போது பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். சாய்வைக் கையைப் பிடித்துத்தான் காட்ட முடியும்.