சிறுவர் இல்லத்தில் இருக்கும் பிள்ளையைத் திரும்பக் கூட்டி வருவது: இலங்கையின் வன்னியில் அலைந்து தெரிந்துகொண்டவை

"பைல் இங்க இல்லை அம்மா, இல்லம் இருக்கிற பக்கம் கேளுங்கோ." அங்கே போனால், "உங்கட பிரிவு நன்னடத்தை உத்தியோகத்தர்தான் அறிக்கை தர வேணும்." வீடு புதுக்குடியிருப்பில், இல்லம் வவுனியாவில் என்றால், மாங்குளத்தில் பஸ் மாறி, அன்றைய கூலியையும் விட்டு வந்து கேட்கிற பதில் இதுதான். இல்லப் பக்கத்து, வீட்டுப் பக்கத்து நன்னடத்தை அலுவலகங்கள் (சிறுவர் பராமரிப்பைப் பார்க்கும் அரச அலுவலகங்கள்) இரண்டும் சொல்வது பாதி சரி என்பதுதான் எரிச்சல். பிள்ளை இல்லத்தில் எப்படி இருக்கிறது என்பதை அந்தப் பிரிவு உத்தியோகத்தர் எழுதுவார். உங்கள் வீட்டு நிலைமையை நீங்கள் வசிக்கும் பிரிவு உத்தியோகத்தர் எழுதுவார். இரண்டு அறிக்கையும் ஒரே கோவைக்குள் வராதவரை தவணைக்கு மேல் தவணைதான். ஆகவே இரண்டு பக்கமும் எழுத்தில் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வராதீர்கள். வாயால் சொன்னதை அடுத்த முறை ஒருவருக்கும் ஞாபகம் இராது.

எல்லாவற்றுக்கும் முன், பிள்ளை எந்தக் கடதாசியில் உள்ளே போனது என்று பாருங்கள். வறுமைக்கும் படிப்புக்குமாகப் பெற்றோரே கையெழுத்து வைத்து விட்டதா, இல்லை, 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் கட்டளையிட்டதா? முதலாவது என்றால் கதை நன்னடத்தை உத்தியோகத்தரோடு. இரண்டாவது என்றால் இல்லப் பொறுப்பாளரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. விட அவருக்கும் அதிகாரம் கிடையாது. கட்டளை போட்ட நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் (வழக்கில் எழுத்தில் கொடுக்கும் விண்ணப்பம்) போட்டுத்தான் மாற்றக் கேட்க வேண்டும். வழக்கு இலக்கம் கையில் இல்லாமல் பதிவாளர் பகுதிக்குப் போவது வீண் பயணம்.

ஒருவரும் வாய் திறக்கவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "என் பிள்ளை எந்தத் திகதியில், எந்தக் கட்டளையின் பேரில், எந்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டது" என்று அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். காரணம் எழுதச் சொல்லி முகம் சுளிப்பார்கள், எழுதத் தேவையில்லை. இந்த ஒரு தாள் போனபின் பல அலுமாரிகள் தானாகத் திறக்கும்.

ஆவணங்களில் அடையாள அட்டை, கிராம அலுவலர் சான்று, சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி எல்லாம் லேசு. சிக்குவது பிறப்புச் சான்றிதழில். 2009 இடப்பெயர்வில் தொலைந்தவை எத்தனையோ. பிறப்பு பதியப்பட்ட பிரதேச செயலகத்தில் தேடலுக்குப் போடுங்கள். பதிவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவு பற்றி அங்கேயே கேளுங்கள். தகப்பன் காணாமற்போனவர் என்றால் "அவருடைய சம்மதக் கடிதம் எங்கே" என்று கேட்டு மனிசரை அழவைப்பார்கள். இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தத்தின்படி, காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ் பெறலாம். மரணச் சான்றிதழ் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

வீடு பார்க்க வரும்போது கூரையைவிடக் கூடுதலாகக் கவனிப்பது, பள்ளி விட்டு வரும் பிள்ளையோடு யார் நிற்பார், பெண்பிள்ளை எங்கே படுக்கும், மலசலகூடம் எவ்வளவு தூரம், வீட்டில் குடிக்கிற ஆள் உண்டா என்பவற்றை. கூலிக்குப் போகும் தாய், பின்னேரம் வரை நிற்கப்போகும் அம்மம்மாவையோ சித்தியையோ அன்றைக்கு வீட்டில் இருத்துவது நல்லது. வறுமை மட்டுமே பிள்ளையைப் பிரிப்பதற்கும் திருப்பித் தராததற்கும் காரணமாகக் கூடாது என்று 2009இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள் சொல்கின்றன. அந்த வரியை மனுவில் எழுதச் சொல்லி சட்டத்தரணியிடம் கேளுங்கள். கட்டணம் கட்ட இயலாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

பிள்ளையின் பக்கம்தான் பலரும் மறக்கிறார்கள். இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, பிரிந்திருக்கும் பிள்ளை தாய் தகப்பனோடு ஒழுங்காகத் தொடர்பு வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிறது. அந்தத் தொடர்பு பிள்ளையின் நலனுக்கு எதிராக இருந்தால் மட்டுமே தடுக்கலாம். ஆகவே "பிள்ளை குழப்படி, இந்த மாதம் பார்க்க விடமாட்டோம்" என்பது இல்லம் கொடுக்கக்கூடிய தண்டனை அல்ல. அப்படிச் சொன்ன திகதியைக் குறித்து உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் என்று தெரிந்தால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். 12ஆம் உறுப்புரைப்படி பிள்ளையின் சொல்லையும் கேட்க வேண்டும். இல்லத்து ஆள் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. நீதவான் தனியாகக் கேட்கும்படி முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சமயமும் மொழியும் தொடர்வதை 20ஆம் உறுப்புரை கவனிக்கச் சொல்கிறது. சகோதரங்களைப் பிரித்து வைத்திருந்தால் அதையும் தனியாக எழுத வேண்டும்.

ஒரு கையெழுத்தில் மட்டும் மிகக் கவனம். பராமரிப்புக்கு விட்டால் நீங்கள் பெற்றோர்தான். தத்துக் கொடுத்தால் அந்த உரிமை போய்விடும். அது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம். அந்த விண்ணப்பம் போவது மாவட்ட நீதிமன்றத்துக்கு. ஆகவே நீட்டுகிற தாளின் தலைப்பில் மாவட்ட நீதிமன்றம் என்றோ, உள்ளே மகவேற்பு என்றோ கண்டால் பேனையை மூடிவிட்டு, சட்டத்தரணி வாசித்துச் சொல்லும்வரை பொறுங்கள். சிங்களத்தில் உள்ள தாள், இடைவெளி நிரப்பாத தாள் இரண்டுக்கும் இதே பதில்.

கட்டளை மாறிவிட்டால் சந்தோசத்தில் அப்படியே பஸ் ஏறிவிட வேண்டாம். அந்தக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், தடுப்பூசி அட்டை மூன்றையும் கையோடு எடுங்கள். விடுகைப் பத்திரம் இல்லாமல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது இன்னோர் அலைச்சல். முடிந்தால் தவணை தொடங்குகிற நேரத்துக்கு மாற்றத்தைக் கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்த பிள்ளை என்றால் பரீட்சை நிலையத்தையும் முதலே பேசிவிட வேண்டும்.